டெக்வெனின் சிரிப்பு

டெக்வெனைப் பற்றி எங்கள் பள்ளத்தாக்கில் யாரிடம் கேட்டாலும் முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் சொல்வார்கள். இலையுதிர் காலத்து ஆட்டுச் சந்தையில், இட்வல் ஹாவோட் தன் பெட்டை ஆடுகளை வளையத்துக்குள் ஓட்டி வருவார். ஏலக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹாவோட் பண்ணை ஆடுகள், சுத்தமான மந்தை, நாள் நிறையுமுன் குட்டியை வீசிவிடுகிற பேச்சுக்கே இடமில்லை" என்பார். உடனே கம்பித் தடுப்போரத்திலிருந்து கணீரென்று ஒரு சிரிப்பு வரும். ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிறகு டெக்வென் வாயே திறக்க மாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். ஏலக்காரர் தடுமாறுவார், வாங்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், விலை ஏறாது.

சிரித்ததற்காக யார்மேலும் வழக்குப் போட முடியாது. இட்வல் வக்கீலிடமே போய்க் கேட்டுவிட்டு வந்து, நான் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் புலம்பினார். என் பெயர் நெரிஸ். பண்ணை பண்ணையாகப் போய், அடுக்களை நாற்காலியில் உட்காரவைத்து முடி வெட்டுகிறவள். கழுத்தில் துணியைச் சுற்றிக் கையில் கத்தரியை எடுத்தால் போதும், வேல்ஸ் நாட்டு ஆம்பிளைகள் பாதிரியாரிடம் சொல்லாததையும் என்னிடம் கொட்டிவிடுவார்கள். டெக்வென் என் பள்ளிக்கூடத்துத் தோழி. அதனால் அன்றைக்கு இட்வலின் பின்னந்தலையைக் கொஞ்சம் அதிகமாகவே ஒட்ட வெட்டிவிட்டேன்.

டெக்வென் க்ரைக்வென் பண்ணைக்கு ஒரே மகள். நல்ல உயரம், நல்ல தோள். ஆட்டுக்கு உரோமம் கத்தரிக்கிற போட்டியில் ஆம்பிளைகளை ஓரங்கட்டியவள். எங்கள் ஊர்த் தேவாலயமான சேப்பலில் அவள் பாடினால் ஜன்னல் அதிரும். அவள் அப்பா வெளியாட்டை வேலிக்குள் விட்டதே இல்லை. கிடா ஒன்றைத் தவிர எதையும் விலைக்கு வாங்க மாட்டார். அந்த மந்தை அவ்வளவு சுத்தம். அவர் போன பிறகு கெதின் என்ற சாதுவான ஒருத்தனைக் கட்டிக்கொண்டு, அவளும் அப்படித்தான் நடத்தினாள்.

அப்புறம் ஒரு பனிக்காலம் வந்தது. மலையில் மேய்ந்த அவர்களுடைய மந்தையில் பாதி பனிக்கு அடியில் போய்விட்டது. ஆடு வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை. பக்கத்துப் பண்ணைக்காரர், சேப்பலில் டீக்கன் என்கிற சபை மூப்பர், அப்பாவின் சிநேகிதர் என்று நம்பி இட்வலிடம் போனார்கள்.

"போன வசந்தத்துல உங்க ஆடு ஏதாவது குட்டி வீசுச்சா அண்ணே?" என்று டெக்வென் நேராகவே கேட்டிருக்கிறாள். அப்போது அவள் கர்ப்பம்.

"என் பட்டியிலயா? என்ன பேச்சு பேசுற டெக்வென்! உங்க அப்பா ஆத்மா மேல சத்தியம்" என்று இட்வல் கையடித்துக் கொடுத்தார். அதை நம்பிச் சினையாடுகளை வாங்கி ஓட்டிவந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் ஒரு விஷயம் தெரியும். வயிற்றில் பிள்ளை இருந்தால், ஆடு குட்டி போடுகிற கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. குட்டி வீசுகிற ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் ஈரத்திலும் ஒரு கிருமி இருக்கிறது, அது மனுஷிக்கும் ஒட்டும். டெக்வெனும் கொட்டகைப் பக்கம் போகவில்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது. பனியில் விறைத்துப்போன குட்டியைக் கொட்டகையிலா வைப்போம்? அடுக்களைக்குக் கொண்டுவருவோம். இரும்பு அடுப்பின் கீழறையை லேசாகத் திறந்து அதில் படுக்கவைப்போம், துண்டால் தேய்ப்போம், மடியில் போட்டுப் பால் கொடுப்போம். கொட்டகைக்குப் போகக் கூடாது என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிவிட்டு, கொட்டகையையே அடுக்களைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வோம். கெதின் ஈரக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டு ஓடினான். இட்வலின் ஆடு போட்டது. சுத்தமான ஆடுதானே, சத்தியம் செய்து கொடுத்த ஆடுதானே என்று அவள் துடைத்தாள், முத்தங்கூடக் கொடுத்திருப்பாள், அவளை எனக்குத் தெரியாதா.

கொட்டகையில் இட்வலின் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டியை வீச ஆரம்பித்தபோது, டெக்வெனுக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே இடுப்புவலியும் வந்துவிட்டது. குழந்தை பிறக்க இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. பெண் குழந்தை. ஹெலெத் என்று பெயர் வைத்து, சேப்பல் கல்லறையில் மதிலோரமாகப் புதைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் அழவில்லை. "என் உடம்பே என் புள்ளைய வெளிய தள்ளிருச்சு நெரிஸ். என்னால அதை வெச்சிருக்க முடியல" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நஞ்சுக்கொடியைச் சோதித்த டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர்.

"உங்க உடம்பு தப்பு பண்ணலம்மா" என்றார். "குழந்தை நல்லா முத்தின பிறகு, அம்மாவோட உடம்பே தானா ஒரு அழற்சியக் கிளப்பும். காயம் பட்ட இடம் சிவந்து வீங்குதுல்ல, அந்த மாதிரி, ஆனா உள்ளுக்குள்ள, அளவா. வெள்ளை அணுக்கள் கூட்டமா கர்ப்பப்பைக்கு வந்து சேதி அனுப்பும். வலி ஆரம்பிக்க வேற காரணமும் உண்டு, ஆனா அந்தச் சேதிக்குப் பெரிய பங்கு இருக்கு. அது வந்தா கர்ப்பப்பை வாய் இளகும், பனிக்குடம் மெலியும், வலி எடுக்கும். நாள் நெறஞ்ச பிறகு அது நல்ல சேதி. ஆனா நஞ்சுக்கொடியில கிருமி வந்து உக்காந்தாலும் அதே வெள்ளை அணுக்கள்தான் ஓடி வரும். அதே சேதியத்தான் அனுப்பும். கர்ப்பப்பைக்கு வித்தியாசம் தெரியாது. நாள் வந்துருச்சுன்னு நெனச்சுக் கதவைத் திறந்துடும்."

"ஆட்டுக்கும் இப்படித்தானா?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

"அப்ப நான் தள்ளல."

"நீங்க தள்ளல. வர வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே சேதி வந்துருச்சு."

டெக்வென் எழுந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "சேதி தானா வரல டாக்டர். ஒருத்தன் அனுப்பினான்" என்றாள். அந்த நிமிஷத்தோடு அவளுடைய துக்கம் வேறு ஒன்றாக மாறிவிட்டது. தன்மேல் இருந்த கோபம் மொத்தமும் எழுந்து ஹாவோட் பண்ணைப் பக்கம் நடந்துபோய்விட்டது.

இட்வலா ஒத்துக்கொள்வார்? "நரி எங்கேர்ந்தாவது வீசுன ஆட்டோட நஞ்சுக்கொடியக் கவ்விட்டு வந்து உங்க வயல்ல போட்டிருக்கும்" என்றார். நரி உண்மையிலேயே அப்படிச் செய்யும், அதுதான் வயிற்றெரிச்சல். ஊரும் உம் கொட்டியது. டீக்கன் பொய் சொல்வாரா என்றது.

அதற்குப் பிறகுதான் டெக்வென் ஆரம்பித்தாள். சேப்பலில் பின்வரிசையில் உட்காருகிறவள், முன்வரிசைக்கு மாறினாள். எங்கள் சேப்பலில் டீக்கன்மார்களுக்குப் பிரசங்க மேடைக்குக் கீழே தனி இருக்கை. பிரசங்கம் நடக்கும்போது பாதிரியாரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு தொடங்கினால் எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இட்வல் திரும்பினால் எதிரே டெக்வென் நிற்பாள். பாட்டுப் புத்தகத்தைப் பார்க்க மாட்டாள், கண்ணைச் சிமிட்ட மாட்டாள். அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு ஜன்னல் அதிரப் பாடுவாள். ஞாயிறு தவறாது. நல்ல குரல்காரரான இட்வல் போகப் போக வாயை மட்டும் அசைக்க ஆரம்பித்தார்.

அறுவடைக்குப் பிந்தைய நன்றி விருந்தில் தேநீர் ஊற்றுவது டெக்வென் வேலை. கெண்டியோடு வரிசையாக ஊற்றிக்கொண்டே வருவாள். இட்வல் கோப்பையை நீட்டினால், அங்கே ஆளே இல்லாதது மாதிரி அடுத்தவருக்குப் போய்விடுவாள். வெறும் கோப்பையை நீட்டிக்கொண்டு டீக்கன் உட்கார்ந்திருப்பார். எனக்குச் சிரிப்பு தாங்காது. சரி, கொஞ்சம் கொடூரந்தான். ஆனால் அவருக்கு நன்றாக வேண்டும்!

"போதும்டி, உன் உடம்புதான் கெடும்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"என் உடம்பு கெட்டாச்சு. இனி அவன் தூக்கம் கெடணும்" என்றாள். "நான் என்ன கேக்குறேன்? அவன் தலையவா கேக்குறேன்? ஆமா, வீசுச்சு, தெரிஞ்சேதான் வித்தேன்னு ஒரு வார்த்தை. அது வர்ற வரைக்கும் விட மாட்டேன்."

பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வார்த்தை வரவில்லை. கெதின் அலுத்துப்போனான், ஆனால் அவளுக்குக் குறுக்கே நிற்கவில்லை. அவர்களுக்குப் பிறகு பிள்ளையும் பிறக்கவில்லை. இட்வல் தன் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் நோய் ஒழிந்திருக்கும். ஆனால் மருந்தைக் கால்நடை டாக்டரிடம்தான் வாங்க வேண்டும், வாங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். டீக்கனின் கௌரவம் என்னாவது? அதனால் போடவில்லை.

இட்வல் மகன் ஈவனுக்குக் கல்யாணமானது. மருமகள் காட்ரின் கடற்கரைப் பட்டணத்துப் பெண். ஓயாமல் பேசுவாள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். ஈவன் காற்றாலை வேலைக்காக வடக்கே போய்ப் போய் வருகிறவன். ஆகவே பண்ணையில் மாமனாரும் மருமகளும்தான். போன வசந்தத்தில் அவள் வயிற்றோடு இருந்தபோது, முடி வெட்ட வரச்சொல்லி எனக்குப் போன் செய்தாள்.

ஹாவோட் அடுக்களைக்குள் நுழைந்தேன். அடுப்போரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு காட்ரின் உட்கார்ந்திருந்தாள். வயிற்றின்மேல் துண்டு, துண்டுக்குள் ஓர் ஈரக் குட்டி.

"முடி வெட்டணுமா வேணாமான்னே தெரியல நெரிஸ் அக்கா. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது. ஃப்ளூ போலருக்கு. மாமா மாத்திரை குடுத்தாரு" என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

"கொட்டகைக்குப் போனியா கண்ணு?"

"ஐயோ, மாமா அந்தப் பக்கம் போகவே கூடாதுன்னுட்டாரு. நான் எட்டிக்கூடப் பாக்கல. குட்டிங்க மட்டும் இங்க வருது. பாவம், நெறைய குட்டி பொழைக்கவே மாட்டேங்குது."

அந்நேரம் இட்வல் கையில் இன்னொரு குட்டியோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் குட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். குட்டியைப் போய் மறைக்க முடியுமா? அது கத்தியது. ஜன்னலுக்கு வெளியே, கொட்டகைக்குப் பின்னால், ஈர வைக்கோல் புகைந்துகொண்டிருந்தது. குட்டி வீசிய ஆட்டின் கீழே கிடந்ததாக இருந்தால் ஒழிய, அதைச் சும்மா யாரும் கொளுத்த மாட்டார்கள்.

"உங்க ஆடு குட்டி வீசுதா?" என்றேன்.

"நீ முடி வெட்ட வந்தியா, துப்பு துலக்க வந்தியா?" என்றார்.

"இவளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"ஃப்ளூவுக்கெல்லாமா ஆஸ்பத்திரி? பட்டணத்துப் பொண்ணு, தடுமன் புடிச்சாலும் படுத்துக்கும். நீ கெளம்பு."

தனியாக அவரோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பலசாலியைத் தேடி ஓடினேன். ஓடையைத் தாண்டினால் க்ரைக்வென். டெக்வென் அடுக்களையில் இரும்புக்கல்லில் கேக் சுட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரும்பவே இல்லை.

"எரியட்டும்" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"அவன் வீடு எரியட்டும். அவனும் ஒரு சின்னப் பெட்டிய மதிலோரம் தூக்கிட்டுப் போகட்டும். நான் எதுக்கு அணைக்கணும்?"

கல்லில் இருந்த கேக் தீய்ந்து புகை வந்தது. அவள் கேக் சுட்டு ஒன்று தீய்ந்து நான் பார்த்ததே இல்லை. அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கல்லை அப்படியே தூக்கித் தொட்டியில் போட்டாள், உஸ்ஸென்று சத்தம் வந்தது.

"அந்தப் பொண்ணுக்கும் இதேதானே நெரிஸ்? தன் உடம்பு தள்ளிருச்சுன்னுதானே அதுவும் சொல்லிட்டுக் கெடக்கும்" என்றாள். கோட்டை மாட்டினாள். "வண்டிய எடு. நான் ஒண்ணும் அவனுக்காக வரல."

ஹாவோட் வாசலில் இட்வல் குறுக்கே நின்றார். "என் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காத."

"உன் வீட்டுக்கு எவ வந்தா? தள்ளு" என்று தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள் டெக்வென். காட்ரின் மடியிலிருந்த குட்டியைத் தூக்கிக் கீழே விட்டாள். "எந்திரி கண்ணு. கையச் சோப்பு போட்டுக் கழுவு. நல்லா தேய்."

காட்ரின் எழுந்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வயிறு கல்லு மாதிரி இறுகி இறுகி விடுது. இது பொய் வலிதானே? எனக்கு இன்னும் மாசக்கணக்குல இருக்கே!"

டெக்வென் தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டாள். அவளை அணைத்தபடி வண்டியின் பின்சீட்டில் ஏற்றினாள். வழி முழுக்க அந்தப் பெண்ணின் கையை விடவே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன், இட்வலின் வண்டி எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

பிரசவ வார்டில் இளம் டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். காய்ச்சலைப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள், உடனே கேட்டாள்: "ஆட்டுப் பண்ணையா? இந்த வருஷம் உங்க ஆடு ஏதாவது குட்டி வீசுச்சா? இது எனக்கு ரொம்ப முக்கியம். கிருமி எதுன்னு தெரிஞ்சா மருந்தை அதுக்கேத்த மாதிரி இப்பவே மாத்தணும். சோதனை முடிவுக்குக் காத்திருந்தா நேரம் போயிடும்."

"இல்லையே" என்றாள் காட்ரின் பாவமாக. "மாமா, இல்லதானே?"

வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்ற இட்வல், "இல்ல. சுத்தமான மந்தை" என்றார்.

பெற்ற மகனின் பிள்ளை உள்ளே துடிக்கிறது, இந்த மனுஷன் சொல்கிறார், சுத்தமான மந்தை! எனக்குக் கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று தேடத் தோன்றியது.

"வீசுது டாக்டர். பத்து வருஷமா வீசுது" என்றாள் டெக்வென்.

"இவளுக்கு என்மேல பகை டாக்டர். ஊருக்கே தெரியும், கேட்டுப் பாருங்க" என்றார் இட்வல்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் டெக்வென் சிரித்தாள். சந்தையில் சிரிக்கிற அதே சிரிப்பு, கணீரென்று, ஒரே ஒரு தடவை. தாதி ஒருத்தி கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றாள். சந்தையில் அந்தச் சிரிப்பைக் கேட்டு இட்வல் ஒன்றும் தெரியாதது மாதிரி வானத்தைப் பார்ப்பாரே, அந்த வித்தை இங்கே பலிக்கவில்லை. கட்டிலிலிருந்து காட்ரின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் முட்டாள் இல்லை. அடுக்களைக்கு வந்த குட்டிகளையும் வராமல்போன குட்டிகளையும் மனசுக்குள் கூட்டிப் பார்த்திருப்பாள்.

"மாமா, என் வயித்துல கை வெச்சுச் சொல்லுங்க" என்றாள். "சுத்தமான மந்தையா?"

இட்வல் கையிலிருந்த தொப்பியைத் திருகினார். வலி அடுத்த சுற்று வந்து அவள் கத்தினாள். அந்தக் கத்தலில் அவர் உடைந்தார்.

"வீசுச்சு. இந்த வருஷமும் வீசுச்சு, போன வருஷமும் வீசுச்சு. அப்பவும் வீசுச்சு" என்றார்.

"அப்பவும்" என்ற சொல்லைக் கேட்டு டெக்வென் சுவரில் கையூன்றிக்கொண்டாள். டாக்டரம்மா அதற்கெல்லாம் நிற்கவில்லை. மருந்தின் பெயரைச் சொல்லித் தாதிகளை விரட்டினாள். "சேதி போயாச்சு, வலிய இனி நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது" என்றாள். "ஆனா அம்மாவுக்குச் சரியான மருந்து போறது பெரிய விஷயம். குழந்தைக்கு ஆள் தயாரா இருக்காங்க."

பிள்ளை பிறந்தது. பையன், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு படுத்திருந்தான். ஆனால் மூச்சு இருந்தது, கிருமி அவனுக்குள் பெரிதாகப் பரவியிருக்கவில்லை. வடக்கேயிருந்து ஓடிவந்த ஈவன் அப்பாவின் பக்கமே திரும்பவில்லை. வாரங்கள் போய், பையன் பெட்டியிலிருந்து வெளியே வந்தான். காட்ரினும் தேறினாள்.

"பொண்ணா இருந்தா உங்க பேரைத்தான் வெச்சிருப்பேன் டெக்வென் அக்கா" என்றாள் அவள்.

"நல்லவேளை பையன்" என்றாள் டெக்வென். "என் பேரை அந்த வீட்டுக்குள்ள எவனும் கூப்பிடக் கூடாது." சொல்லிவிட்டு அந்தப் பையனின் காலை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

நன்றி சொல்ல இட்வல் க்ரைக்வென்னுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன், கெதினுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். மனுஷன் பாதியாக இளைத்திருந்தார். டீக்கன் பதவியை விட்டுவிட்டேன், எல்லா ஆட்டுக்கும் தடுப்பூசி போட்டாச்சு, சந்தையில் நானே சொல்லித்தான் இனி விற்பேன் என்றெல்லாம் வாசலில் நின்று ஒப்பித்தார்.

"என்னை மன்னிச்சிரு டெக்வென். வார்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்ல" என்றார்.

"எல்லார் முன்னாடியும் சொல்லல" என்றாள் டெக்வென். கதவைச் சாத்திவிட்டு வெளியே இறங்கினாள். "நட."

கழுத்தில் துணியோடு கெதினும், கையில் சீப்போடு நானும் பின்னாலேயே போனோம். சேப்பல் கல்லறையில் மதிலோரம், புல்லுக்குள் முழங்கால் உயரங்கூட இல்லாத கல். ஹெலெத் என்ற பெயர் மட்டும் இருக்கும். டெக்வென் அதற்கு முன்னால் அவரை நிறுத்தினாள்.

"சொல்லு."

இட்வல் தொப்பியை எடுத்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"இவ இன்னும் கேக்கல. இவளுக்குத் தெரியாது. அம்மாதான் தன்னை வெளிய தள்ளிட்டான்னு நெனச்சிட்டுப் படுத்திருக்கா. சொல்லு."

"என் ஆடு குட்டி வீசுச்சு" என்றார் இட்வல். "எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்க அம்மாவுக்கு வித்தேன்."

"சத்தமா."

அவர் சொன்னார். மதிலுக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. டெக்வென் குனிந்து கல்லின்மேல் கிடந்த இலையை எடுத்துப் போட்டாள், பிறகு நிமிர்ந்தாள்.

"நான் மன்னிக்கல. ஞாயித்துக்கிழமை வந்து திரும்பச் சொல்லு. நான் இங்கதான் இருப்பேன்."

அவர் வருகிறார். மழை பெய்தாலும் வருகிறார்.